உஷார்! பாட்டி புடவைக்கு ஆள் அலைகிறது

பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், கலாக்ஷேத்ரா காலனிப் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்த கையோடு வீட்டுப் பெரியவர்கள் காதிலும் போட்டு வையுங்கள். வாசல் மணியை அடித்து “பழைய பட்டு இருக்குங்களா?” என்று கேட்பவரிடம் ஜாக்கிரதை. கைப்பேசியில் “பாட்டி காலத்துப் பட்டு, ஒரே பீஸ்தான்” என்று காட்டுபவரிடமும் ஜாக்கிரதை. முன்னவர் உங்கள் வீட்டுப் புடவையை ஜரிகை எடைக்குக் கேட்கிறார். பின்னவர் போன மாதம் தறியிலிருந்து இறங்கியதை அறுபது வருஷத்துப் பழசு என்று விற்கிறார். நிஜப் பழசு பின்வாசல் வழியாகப் போகிறது, பொய்ப் பழசு முன்வாசல் வழியாக வருகிறது. இரண்டு தடவையும் காசு போவது நம் வீட்டிலிருந்துதான்.

இந்தப் பேட்டையைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய தனி வீடுகள் இங்கே ஒவ்வொன்றாக இடிபட்டு, பில்டரோடு கூட்டு போட்டு அடுக்குமாடிகளாக எழும்புகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது கோத்ரேஜ் பீரோவின் அடித்தட்டைக் குடைந்தே ஆக வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ. “நீயே பார்த்து ஏதாவது பண்ணிடும்மா” என்று வீடியோ காலில் சொல்லிவிடுவார்கள். அம்மாவுக்கோ எழுபத்தைந்து வயது, தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை. இன்னொரு பக்கம், அதே அவென்யூக்களில்தான் காபிக் கடை, பொட்டிக், வார இறுதி பாப்-அப் விற்பனை, பீச்சைப் பார்த்த மாடியில் ‘விண்டேஜ்’ கண்காட்சி எல்லாம். எலியட்ஸ் பீச்சில் நடை முடித்து வரும் இளம்பெண்ணுக்குக் கடையில் தொங்கும் புதுப் பட்டு வேண்டாம். ஒரு கதையோடு வரும் பட்டு வேண்டும். சரக்கும் கிராக்கியும் இப்படி அரை கிலோமீட்டருக்குள் அமைந்தால் இடைத்தரகருக்குக் கொண்டாட்டம்.

முதலில் வாசலுக்கு வருகிறவர். பேச்சு அநேகமாக இப்படிப் போகும்.

“அம்மா, கிழிஞ்சது, கறுத்தது எதுனாலும் எடுத்துக்கறேன்மா.”

“என்ன குடுப்பே?”

“பார்த்தாத்தானே தெரியும்? கொண்டாங்க.”

புடவை வந்ததும் முந்தானையைப் பிரித்து, ஜரிகையை நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்பு நூல் தெரியும். சட்டென்று கட்டை விரலால் அதை மூடிக்கொள்வார். “இது டெஸ்டட் ஜரிகைம்மா. வெள்ளியே கிடையாது. உங்களுக்காக ரெண்டாயிரம் வச்சுக்கங்க.” கையடக்கத் தராசு, உரைகல், சில சமயம் ஒரு குப்பியில் திராவகம் எல்லாம் பையில் இருக்கும். விஞ்ஞானம் கண்ணெதிரே நடக்கிறது என்று நினைத்து நாமும் தலையை ஆட்டிவிடுகிறோம்.

அந்தச் சிவப்பு நூலில்தான் விஷயமே இருக்கிறது. அசல் ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல் மேல் சுற்றி, மேலே தங்க முலாம் பூசுவார்கள். உள்ளிருக்கும் சிவப்பு, தங்க நிறத்துக்கு ஒரு வெம்மையைக் கொடுக்கும். டெஸ்டட் என்பது செம்புக் கம்பிக்கு மேலாக வெள்ளிப் பூச்சு. அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகை, அதில் உலோகப் பளபளப்பு ஏற்றிய பாலியஸ்டர் பட்டை. இப்போதெல்லாம் மட்டமான ஜரிகைக்கும் சிவப்பு நூல் வைத்துச் சுற்றுகிறார்கள் என்பதால், சிவப்பு தெரிந்தால் அசல் என்று துள்ள வேண்டாம். ஆனால் ஐம்பதுகளில், அறுபதுகளில் வாங்கிய காஞ்சிபுரம் கல்யாணப் பட்டில் சிவப்பு தெரிந்தால், “வெள்ளியே கிடையாது” என்று ஒருவர் அடித்துச் சொல்வதைக் கேட்டு ரெண்டாயிரத்துக்குக் கை நீட்டக் கூடாது.

ஒரு கணக்குப் போடுங்கள். ஜரிகையில் 57 சதவீதம் வெள்ளி, 0.6 சதவீதம் தங்கம் என்பது காஞ்சிபுரம் பட்டுக்குச் சொல்லப்பட்ட பழைய தரம். இப்போது அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலையின் தரம் 40 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் தங்கம் என்று இறங்கியிருக்கிறது. அகலக் கரை, கனத்த முந்தானை உள்ள ஒரு புடவையில் ஜரிகை மட்டும் 150 கிராம் என்று வையுங்கள். பழைய தரப்படி வெள்ளி 85 கிராம், தங்கம் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியது, தங்கம் கிராம் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. அந்த விலைக்கே வெள்ளி 8,500 ரூபாய், தங்கம் 8,100 ரூபாய். உருக்குகிற கூலி, சேதாரம் எல்லாம் கழித்தாலும் ரெண்டாயிரத்துக்கும் அதற்கும் இடையில் உள்ள தூரம் தெரிகிறதல்லவா? கண்ணுக்கே தெரியாத அந்த முலாம், வெள்ளிக்குச் சமமாக மதிப்பு வைத்திருக்கிறது. வாசலுக்கு வருகிறவர் தங்கத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

விற்கவே போகிறீர்கள் என்றால், ஜரிகையைப் பரிசோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப் இயந்திரம் இருக்கும் இடமாகப் பார்த்துக் கொண்டுபோய், எத்தனை சதவீதம் என்று காகிதத்தில் வாங்கிக்கொண்டு பேரம் பேசுங்கள். புடவையைத் துளியும் எரிக்க வேண்டாம், கீற வேண்டாம். கதிரைப் பாய்ச்சி உலோகத்தின் விகிதத்தைச் சொல்லிவிடும் கருவி அது. வீட்டுக்குள் ஆளை விடாதீர்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் பீரோவை அவர் கண்ணெதிரே திறக்கவே வேண்டாம். பட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்பதோடு நகை எந்தத் தட்டில் என்பதும் தெரிந்துபோகும்.

ஆனால் என் ஆத்திரம் அந்தப் பதினாறாயிரத்தோடு தீரவில்லை. உருக்கின புடவை போனது போனதுதான். அதில் இருந்த கரை, கட்டம், ஒரு நெசவாளியின் கைக்கணக்கு எல்லாம் அடுப்பில் சாம்பல். 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, அடுத்த வருஷமே அங்கே நெசவுக்கூடமும் வைத்தார். வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய கோலங்களும் நிறங்களும் அங்கே தறி ஏறின. பழைய புடவைகளை அன்றைக்கே யாராவது எடைக்கு எடுத்துப் போயிருந்தால், இன்றைக்குச் சென்னையே கொண்டாடும் அந்த அகலக் கரைக்கு மாதிரியே மிஞ்சியிருக்காது.

இனி வாங்குகிற பக்கம். கலாக்ஷேத்ரா பேரிலிருந்தே தொடங்கலாம். அகலமான கரை, எதிர் நிறத்தில் உடல், நடுவில் ஒன்றுமில்லை என்றால் உடனே அதற்குக் ‘கலாக்ஷேத்ரா புடவை’ என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். திருவான்மியூர் வளாகத்துத் தறிகளில் நெய்வது குறைவு. தெருவுக்குத் தெரு, லைவுக்கு லைவ் விற்கிற அளவுக்கு அங்கே உற்பத்தி கிடையாது. அதன் மேல் ‘விண்டேஜ்’ என்றும் ஒட்டினால் இரட்டை உஷார்.

இன்னொரு பெயர் ‘ஆன்டிக் ஜரிகை’. பளபளப்பைக் குறைத்து, பழைய பித்தளை நிறத்தில் வருகிற ஒரு ஜரிகை அது. புதுக் கடையில் புதுப் புடவையில் நேர்மையாகவே விற்கிறார்கள், குற்றமில்லை. அதே புடவை இரண்டு கை மாறி, சலவை செய்து, ஒரு மரப் பெட்டி மேல் விரித்து, பக்கத்தில் பித்தளைக் கூஜா வைத்துப் படம் எடுத்ததும் 1950-க்குப் போய்விடுகிறது. நம் ஊர் கூஜாக்களுக்கு இவ்வளவு வேலை என்றைக்கும் இருந்ததில்லை.

“சில்க் மார்க் இருக்கே?” என்று நீங்கள் கேட்கலாம். மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் 2004-இல் வந்த முத்திரை அது. அது சொல்வது ஒன்றுதான்: இந்தத் துணி தூய பட்டு. ஜரிகையைப் பற்றி அது பேசாது, கைத்தறியா விசைத்தறியா என்றும் பேசாது. கைத்தறிக்குத் தனி முத்திரை 2006-இல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06-இல். இந்த மூன்றில் எதுவும் புடவையின் வயதுக்குச் சாட்சி சொல்லாது. அதை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள்: 1965-ஆம் வருஷத்துப் புடவை என்று சொல்லிவிட்டு அதில் சில்க் மார்க் அட்டை தொங்கினால், ஒன்று அட்டை ஒட்டவைத்தது அல்லது வருஷம் ஒட்டவைத்தது. வயதுக்கு முத்திரை கொடுக்கிற அலுவலகம் நாட்டில் எங்கும் இல்லை. அந்த ஓட்டையில்தான் வியாபாரமே ஓடுகிறது.

ஆகவே உங்கள் கண்ணை நம்புங்கள், புடவையைத் திருப்பிப் பாருங்கள். நல்ல பக்கம் யாரையும் ஏமாற்றும், பின்பக்கம் ஏமாற்றுவது கஷ்டம். காஞ்சிபுரத்தின் பழைய முறை கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. கூட ஒரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை எறிவார். உடலின் ஊடை நூல் கரைக்குள் நுழையாது. அதனால்தான் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை வைத்தால், இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் அதனதன் நிறத்தில் நிற்கிறது. கரையும் உடலும் சேரும் கோட்டில் பின்பக்கமாக விரலை ஓட்டுங்கள். நூல்கள் பின்னிக்கொண்ட சிறு நெருடல் தட்டும், கோடு இம்மி ஏறி இறங்கும். விசைத்தறிச் சரக்கில் அந்த இடம் வழவழவென்றிருக்கும், கரையின் அரக்கில் உடலின் மஞ்சள் ஊடாடி ஒரு மாதிரி மங்கலாகத் தெரியும். அடுத்து முந்தானை உடலோடு சேரும் இடம், பேட்னி. உடலின் பாவு நூலை முந்தானையின் பாவு நூலோடு கையால் இணைத்து மாற்றிய இடம் அது. பின்பக்கம் பார்த்தால் வெட்டிவிட்ட நூல் நுனிகள் முள்ளு முள்ளாக நிற்கும். உடலும் முந்தானையும் வேறு வேறு நிறமாக இருந்தும் அப்படி ஒரு அடையாளமும் இல்லையென்றால், அந்தப் பாட்டி கதையைக் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பி விடுங்கள்.

இது கைத்தறியைக் காட்டும். வயதைக் காட்டுவது வேறு. இன்றைய பட்டில் பிளவுஸ் துணி சேர்ந்தே வருகிறது, மொத்தம் ஆறேகால் மீட்டர் தொடும். அந்தக் காலத்துப் புடவையில் பெரும்பாலும் ரவிக்கைத் துணி கிடையாது, அகலமும் இரண்டு மூன்று அங்குலம் குறைவு. ‘அறுபதுகள்’ என்று சொல்கிற புடவையில் பிளவுஸ் இருந்தால் கேள்வி கேளுங்கள். கட்டிய புடவை என்றால் கட்டிய தடம் இருக்கும்: கால் பக்கக் கரையில் ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஊசித் துளை, கொசுவம் தரையில் உராய்ந்த இடத்தில் ஜரிகைத் தேய்மானம், இடுப்பில் செருகிய இடத்தில் வியர்வை நிறம். கறுப்பும் ஒரே சீராக இருக்காது. மடித்து வைத்ததில் வெளியே இருந்த மடிப்பு அதிகம் கறுத்திருக்கும், உள்மடிப்பு தப்பித்திருக்கும். தலைப்பிலிருந்து கடைசிவரை அளந்து பூசினாற்போலக் கறுத்திருந்தால், யாரோ மெனக்கெட்டு வயதாக்கியிருக்கிறார்கள்.

ஒன்பது கஜத்தை வெட்டி ஆறு கஜமாக்கி விற்பதும் நடக்கிறது. மடிசார் கட்டுகிறவர்கள் குறைந்துபோனதால் பழைய ஒன்பது கஜம் மலிவாகக் கிடைக்கிறது. வெட்டிய ஓரத்தைப் புதிதாக மடித்துத் தைத்திருப்பார்கள். அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஐந்தரை மீட்டருக்குக் குறைந்தால் கொசுவம் நிற்காது.

அப்புறம் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ரோல் பாலிஷ் போட்டு வந்த பழம்பட்டு மொடமொடவென்று இளமையாகத்தான் இருக்கும். அந்த விறைப்பு பெரும்பாலும் ஏற்றிய கஞ்சியின் கைங்கரியம். மடிப்புக் கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கீற்றுக் கீற்றாக ஒளி வந்தால் பட்டு இற்றுப்போய்விட்டது, சபாவில் உட்கார்ந்து எழுந்தால் டர்ரென்று போகும். பாவின் திசையில் ஒருமுறை, ஊடையின் திசையில் ஒருமுறை, இரண்டு கட்டை விரலையும் வைத்து லேசாக இழுங்கள். விற்கிறவர் பதறினால் அதுவே பதில்.

சாயம் போவதில் இந்த ஊருக்கு உலகப் புகழே உண்டு. 1958-இல், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர், வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளருக்கு மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை விற்றார். சாயம் போகும், குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். துணியை வாங்கிச் சட்டை தைத்த ப்ரூக்ஸ் பிரதர்ஸுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இயந்திரத்தில் போட்டவர்கள் துணியெல்லாம் சாயம் பாய்ந்து, புகார் குவிந்தது. கடைசியில் விளம்பரக்காரர்கள் வந்து, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே அதைப் பெருமையாக மாற்றி விற்றுத் தீர்த்தார்கள். இன்றைய விண்டேஜ் விற்பனையாளர்கள் அந்த வித்தையின் வாரிசுகள். கறை இருந்தால் ‘கேரக்டர்’, ஓட்டை இருந்தால் ‘ஹிஸ்டரி’, சாயம் போனால் ‘இயற்கைச் சாயம்’. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, கரை ஓரத்தில் அரை நிமிஷம் அழுத்திப் பாருங்கள், சரித்திரம் கைக்குட்டையில் வந்துவிடும்.

கைப்பேசி வழியாக வாங்குகிறவர்களுக்குத் திருப்பிப் பார்க்கும் வசதி இல்லை. அங்கே உரையாடல் இப்படி:

“சிஸ், ப்யூர் விண்டேஜ். என் பாட்டியோட கல்யாணப் பட்டு.”

“பின்பக்கம் ஒரு போட்டோ அனுப்புங்களேன்.”

“மூணு பேர் வெயிட்டிங் சிஸ். இப்ப ஜி-பே பண்ணினா எடுத்து வைக்கிறேன்.”

பின்பக்கத்தைக் கேட்டால் அவசரம் பிறக்கிறதே, அங்கேயே நிறுத்துங்கள். அதே கணக்கில் கொஞ்சம் கீழே போய்ப் பாருங்கள், அந்தப் பாட்டிக்கு எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது என்று தெரியும். கரை சேரும் கோடு, பேட்னி, மடிப்பு, கால் பக்கக் கரை ஆகிய நாலு இடத்துப் பின்பக்கப் படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பார்சல் வந்தால் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். ‘நோ ரிட்டர்ன்’ என்று போட்டிருந்தாலும், சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்கள் விற்கிறவராக இருந்தால் வேறு வலை. புடவைப் படத்தைப் போட்ட பத்தாவது நிமிஷம் ஒருவர் பேரமே பேசாமல் ஒப்புக்கொள்வார். “பணம் வர இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கம்மா” என்பார். பணம் வாங்குவதற்கு எந்தக் காலத்திலும் பின் தேவையில்லை. போட்டால் போகும். போய்விட்டதென்றால் அழுதுகொண்டிராமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

டிசம்பர் சீசனுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. “நூறு வருஷத்துக்கு மேல் பழசு, தஞ்சாவூர் அரண்மனைச் சரக்கு” என்று யாராவது சொன்னால் புல்லரித்துப்போக வேண்டாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத பழமை கொண்ட கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிறது. அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனி ஆள் யாரும் நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போக முடியாது. ஆக, அவர் சொல்வது பொய்யென்றால் பணம் போச்சு, நிஜமென்றால் விமான நிலையத்தில் சுங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், நூற்றைம்பது வருஷம் சட்டென்று எழுபதுக்கு இறங்கிவிடும்.

பட்டை விட்டால் இன்னொரு கூட்டம் இருக்கிறது, த்ரிஃப்ட் பிள்ளைகள். கல்லூரி மாணவர்கள் பழைய டெனிம் ஜாக்கெட், தொளதொளச் சட்டை, வெளிநாட்டு ஷூ என்று தேடி அலைகிறார்கள். ஆசை நல்லதுதான், புதிதாக வாங்கிக் குவிப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் உபயோகித்த உடைகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய இந்தியாவில் தாராள அனுமதி கிடையாது. கட்டுப்பாடு உள்ள சரக்கு அது. கந்தலை நூலாக்குவதற்கு என்று வெட்டிக் கிழித்து பானிப்பட்டுக்குப் போகிற மூட்டைகள் உண்டு, காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் பிரித்துத் திரும்ப ஏற்றுமதியாகிறதும் உண்டு. கிழிபடாமல் நம் கைக்கு வருகிற ‘யு.எஸ். விண்டேஜ்’ எந்த வழியாக வந்தது என்று ஒரு கேள்வி மனசில் இருக்கட்டும். வாங்கினால் நேரே உடுத்தாதீர்கள். சொறிச் சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்து, பிறகு சுடுநீரில் அலசி வெயிலில் போடுங்கள். ரெக்சின் ஜாக்கெட்டும் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளுக்குள்ளேயே மக்கும். பெசன்ட் நகர்க் கடற்காற்றில் அது இன்னும் வேகம். பார்க்கப் புதுசாக இருக்கும், முதல் நடையிலேயே அடிப்பாகம் புட்டு மாதிரி உதிரும்.

கடற்காற்று என்றதும் ஞாபகம் வருகிறது, ஜரிகைக்கும் இந்த ஊர்க் காற்று ஆகாது. வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் சாக்கடை அழுகிய முட்டை மாதிரி நாறுகிறதே, அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், மழைக்காலம் கழிந்ததும் நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஜரிகை மேல் நேராக சென்ட் அடிக்காதீர்கள். ஒவ்வொரு புடவையோடும் ஒரு துண்டுச் சீட்டு: யார் கல்யாணத்துக்கு, எந்த வருஷம், எந்தக் கடையில். பழைய ரசீது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு விற்றாலும் சரி, பேத்தி கட்டினாலும் சரி, அந்தச் சீட்டு இல்லாத புடவை வெறும் ஜரிகை எடைதான்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னதில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பழைய புடவை பீரோவிலிருந்து வெளியே வருவது விற்பதற்கு மட்டுமில்லை. வீட்டில் பிரசவம் என்றால் பாட்டியின் பழம்புடவைதான் தூளி, அதுதான் பிள்ளைக்கு முதல் போர்வை. அந்தப் புடவை எத்தனையோ வருஷம் பூச்சி உருண்டையோடு கிடந்தது. அந்த உருண்டை நாப்தலீன் என்றால், அதன் ஆவி துணியில் ஊறியிருக்கும். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது பொல்லாதது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், மஞ்சள் காமாலை ஏறும். பூச்சி உருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைக் குழந்தைக்குப் பயன்படுத்தி இப்படி ஆனது மருத்துவ ஏடுகளில் பதிவான விஷயம். இந்தக் குறை இருப்பது பிறந்த குழந்தையைப் பார்த்தால் தெரியாது. அதனால் விஷப் பரீட்சை வேண்டாம்: உருண்டை வாசனை அடிக்கிற புடவையைத் தூளி கட்டாதீர்கள், குழந்தை படுக்கும் அறையில் அந்த பீரோவைத் திறந்தும் வைக்காதீர்கள். பாப்-அப்பில் வாங்கிய ‘விண்டேஜ் காட்டன்’ துணியில் அழகாகப் போர்வை தைத்துக் கொடுக்கிறார்கள், அதற்கும் இதே விதிதான். குழந்தையின் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பூச்சி உருண்டை விஷயத்தை மருத்துவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.